பாக்கெட் கேமரா வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசேஷ வீட்டுக்குக் கேமராவோடு போனால் போதும், பந்தி முடிவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சின்னதா ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்...” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு வீட்டு விசேஷம், ஊர் சுற்றல், குழந்தைகள் என்று எடுப்பவர்களுக்கானது இது. படம் எடுத்துச் சம்பாதிப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

கையில நல்ல போன் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு கேமரா?

பலருக்குத் தேவையே இல்லை. ஜப்பான் கேமரா கம்பெனிகளின் சங்கமான சிபா தரும் கணக்கில், 2010ல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் இந்த வகைக் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023ல் அது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அத்தனை பேரையும் போன் வாரிக்கொண்டு போய்விட்டது, நியாயமாகத்தான்.

இருந்தாலும் போனால் இன்னும் முடியாதவை சில உண்டு. ஒன்று, கண்ணாடி நிஜமாகவே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருவது. இரண்டாவது, பிளாஷ். போனில் இருப்பது வெறும் எல்இடி விளக்கு. கேமராவில் இருப்பது செனான் பிளாஷ். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக, ஆனால் பலமாக வெட்டும். இருட்டில் ஆடும் குழந்தையை அது அப்படியே நிறுத்திப் பிடிக்கும். அப்புறம் சார்ஜ், இடம், நடுவில் வரும் போன்கால் என்ற தொல்லைகள் இல்லை. இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு நிஜமாக வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

பாயிண்ட் அண்ட் ஷூட்டுன்னா என்ன? லென்ஸ் மாத்தலாமா?

மாற்ற முடியாது. லென்ஸ் உடம்போடு ஒட்டியது. குறி பார்த்து பட்டனை அமுக்கினால் மற்றதையெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

எத்தனை மெகாபிக்சல் பார்த்து வாங்கணும்?

பார்க்கவே வேண்டாம். ஸ்டூடியோவில் ‘மேக்ஸி’ என்று போட்டுத் தருகிறார்களே, 4க்கு 6 அங்குலப் படம், அதற்கு 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். ஏ4 தாள் முழுக்க அச்சிட 9 மெகாபிக்சல். இன்று கடையில் கிடைக்கும் எந்த நல்ல கம்பெனி கேமராவும் 16க்குக் குறையாமல்தான் வருகிறது. எனவே அந்த எண்ணை வைத்து இரண்டு கேமராக்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

அப்போ எதைப் பார்க்கணும்? சென்சார் சைஸ்னு சொல்றாங்களே, 1/2.3, 1 இன்ச்சுன்னு?

அதைத்தான். சென்சார் என்பது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் விழுகிற சில்லு. 1/2.3 இன்ச் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. 1 இன்ச் என்றால் 13.2க்கு 8.8 மி.மீ. டிவி கேமராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில், குழாயின் வெளிவிட்டத்தைச் சொன்ன வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அதனால் ‘1 இன்ச்’ சென்சாரை அளந்தால் எந்தப் பக்கமும் 1 இன்ச் வராது. அதை விடுங்கள். பரப்பளவில் 1 இன்ச் சென்சார் 1/2.3 இன்ச்சைப்போல 4 மடங்கு என்பதுதான் விஷயம். 4 மடங்கு பரப்பு என்றால், அதே நேரத்தில் 4 மடங்கு வெளிச்சம் பிடிக்கலாம். மாலை 6 மணிக்கு மேல் எடுக்கும் படங்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை கூடிய போன்களின் முக்கியக் கேமராவில் இப்போது 1/1.3 இன்ச் சென்சார் வருகிறது. அதாவது, குறைந்த விலைப் பாக்கெட் கேமராவின் சென்சாரைவிட உங்கள் போனின் சென்சார் பெரிதாக இருக்கலாம். அதனால் என் கணக்கு இதுதான்: 1/2.3 இன்ச் கேமராவை ஜூமுக்காகவும் பிளாஷுக்காகவும் வாங்குங்கள். படத்தின் தரத்துக்காக வாங்குவதென்றால் 1 இன்ச்சுக்குக் கீழே இறங்காதீர்கள். புதிதாக வாங்கினால் விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டும், தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

ஜூம் 12எக்ஸ், 40எக்ஸ்னு இருக்கு. எவ்வளவு இருந்தா போதும்?

எக்ஸ் என்றால் மடங்கு. வீட்டு விசேஷத்துக்கு 3 முதல் 5 எக்ஸ் தாராளம். பள்ளி ஆண்டு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து மேடையை எடுக்க 10, 12. வேடந்தாங்கலில் பறவை எடுக்க வேண்டும் என்றால் 30, 40. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 மாதிரி 40எக்ஸ் கேமராவும் பாக்கெட் அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி எல்லையில் கை லேசாக ஆடினாலும் படம் போய்விடும். சுவரிலோ தூணிலோ சாய்ந்து எடுக்கப் பழக வேண்டும்.

‘ஆப்டிகல்’ என்று போட்டிருப்பது மட்டும்தான் ஜூம். ‘டிஜிட்டல்’ என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் நீங்களே செய்யலாம். வாங்கியதும் மெனுவில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

லென்ஸைச் சுத்திப் பொடி எழுத்துல என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?

கேமராவின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருப்பதைவிட இதை நம்பலாம். கேனான் இக்சஸ் 285ன் லென்ஸ் வளையத்தைப் பார்த்தால் 4.5-54.0 மி.மீ. என்றும், பக்கத்தில் 1:3.6-7.0 என்றும் இருக்கும். 54ஐ 4.5ஆல் வகுங்கள், 12. அதுதான் நிஜமான ஜூம்.

அடுத்த எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஜூம் போடாதபோது லென்ஸின் வாய் 3.6, முழு ஜூமில் 7.0. இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எண் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசி. அதாவது முழு ஜூமில் இந்தக் கேமராவுக்கு முன்பு கிடைத்த வெளிச்சத்தில் கால்வாசிதான் கிடைக்கும். பகல் வெயிலில் பாதகமில்லை, மண்டபத்துக்குள் திண்டாடும். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3ல் இதே இடத்தில் 8.8-36.8 மி.மீ., 1:1.8-2.8 என்று இருக்கும். ஜூம் 4 மடங்குதான், ஆனால் முழு ஜூமிலும் வாய் அவ்வளவாகச் சுருங்கவில்லை. காசு அதிகம் கேட்பது எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆன்லைன்ல 48 மெகாபிக்சல், 4கே, 16எக்ஸ் ஜூம், நாலாயிரம் ரூபாய்தான்னு வருதே?

வேண்டாம். பொருளின் படத்தைப் பெரிதாக்கி லென்ஸ் வளையத்தைப் பாருங்கள். மேலே சொன்ன மாதிரி இரண்டு மி.மீ. எண்கள் இருக்காது; லென்ஸ் வெளியே நீளவும் நீளாது. அந்த 16எக்ஸ் முழுக்க டிஜிட்டல். 48 மெகாபிக்சல் என்பதும் சின்னப் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கியதுதான். பிளாஷ் என்று இருப்பதும் பெரும்பாலும் எல்இடி. குழந்தை விளையாடட்டும் என்று வாங்கினால் சரி, உங்கள் போனை இது ஜெயிக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். இதே காசுக்குப் பழைய நல்ல கேமரா ஒன்று கிடைக்கும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

கடையில ரொம்ப நேரம் கையில தர மாட்டாங்க. பத்து நிமிஷத்துல என்ன பார்க்குறது?

போகும்போது உங்கள் மெமரி கார்டையும் ஒரு செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தாளை விரித்துச் சுவரில் பிடிக்கச் சொல்லி, அதற்கு நேராக நின்று, பக்கம் முழுக்க நிறையும்படி எடுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் நகர்த்திப் பாருங்கள். நடுவில் எழுத்து கத்தி மாதிரி தெரிந்து மூலைகளில் கொஞ்சம் மங்கினால் சகஜம். இடது பக்க மூலைகள் படிக்க முடிகிறது, வலது பக்கம் மட்டும் கலங்கியிருக்கிறது என்றால் லென்ஸ் உள்ளே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. வேறு பெட்டி கேளுங்கள். ஒரே மாடலிலேயே பீஸுக்குப் பீஸ் இது மாறும்.

அடுத்து, அணைத்த கேமராவை ஆன் செய்து உடனே ஒரு படம் எடுங்கள். தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது? ஜூமை எல்லை வரை இழுத்து, எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகையை எடுங்கள். பிறகு மேசைக்கு அடியில் இருக்கும் இருட்டு மூலையை பிளாஷ் இல்லாமல் ஒன்று, கூட வந்தவர் முகத்தை பிளாஷோடு ஒன்று. பிளாஷ் இல்லாத படத்தில் மெல்லிய விவரங்கள் இழை இழையாக நிற்கின்றனவா, ஈஷிப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். அதே காட்சிகளை உங்கள் போனிலும் எடுத்து, கார்டோடு வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் பளபள விளக்கில் கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

கடைசியாக, கையில் பிடித்துப் பாருங்கள். வாசலுக்குப் போய் வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். வெயிலில் தெரியாத திரையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குழந்தை சிரிக்கும்போதுதான் அமுக்குறேன். திரும்பின அப்புறம்தான் படம் விழுது. ஏன்?

பட்டனை ஒரேயடியாக அமுக்குகிறீர்கள். பாதி அமுக்கினால் கேமரா ஃபோகஸ் பிடித்து, ‘பீப்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அந்தப் பாதியிலேயே விரலை வைத்திருந்து, சிரிப்பு வரும்போது மீதியை அமுக்குங்கள். தாமதத்தில் பெரும்பகுதி ஃபோகஸ் பிடிப்பதில்தான் போகிறது. ஓடியாடும் குழந்தை என்றால் மோடில் ‘ஸ்போர்ட்ஸ்’ அல்லது ‘கிட்ஸ்’ போட்டுக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷன்ல எடுத்தா எல்லாம் கலங்கலா வருது. கேமரா சரியில்லையா?

முதலில் எந்தக் கலங்கல் என்று பாருங்கள். நாற்காலி, மேடை, பூ அலங்காரம் எல்லாமே ஒரு பக்கமாக இழுத்திருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. நாற்காலி தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். கேமராவில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ‘ஸ்டெபிலைசர்’ இருந்தாலும் ஆள் அசைவதற்கு உதவாது. எதுவும் கலங்காமல் புள்ளி புள்ளியாக இருந்தால் ஐஎஸ்ஓ ஏறியிருக்கிறது, அதாவது கிடைத்த குறைந்த வெளிச்சத்தைக் கேமரா மின்சாரத்தால் கூட்டியிருக்கிறது.

மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றே. ஜூமை விட்டுவிட்டு நாலடி முன்னே போய் எடுங்கள். காரணம் லென்ஸ் வளையத்தைப் பற்றிய பதிலில் இருக்கிறது. அப்படியும் போதாவிட்டால் பிளாஷ். ஆனால் இந்தச் சின்ன பிளாஷ் மூன்று, நான்கு மீட்டர் வரைதான் எட்டும். பின்வரிசையிலிருந்து மேடையை நோக்கி பிளாஷ் அடித்தால் முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலைதான் வெள்ளையாக விழும்.

ஆட்டோவுலயே வெச்சு எடுத்தா போதுமா? வேற எதாவது கத்துக்கணுமா?

ஆட்டோ போதும். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிரே, வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரை எடுத்தால் முகம் கருத்துவிடும். பகலாக இருந்தாலும் பிளாஷை வற்புறுத்தி அடிக்க வையுங்கள். மின்னல் குறி பக்கத்தில் ‘ஏ’ இல்லாமல் இருந்தால் அதுதான். இன்னொன்று, கூட்டல் கழித்தல் போட்ட பட்டன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கிவிடும். கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளினால் வெள்ளை வெள்ளையாகும்.

மண்டபத்துல வீடியோ எடுத்தா கோடு கோடா ஓடுது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தரம் மங்கிப் பிரகாசிக்கின்றன. கேமரா நொடிக்கு 30 அல்லது 60 படம் என்று ஓடினால் இரண்டும் ஒத்துப்போகாமல் கோடு விழும். மெனுவில் வீடியோ முறை ‘என்டிஎஸ்சி’ (NTSC) என்று இருப்பதை ‘பால்’ (PAL) என்று மாற்றினால் 25 அல்லது 50 ஆகிவிடும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, நீங்களே வைக்க முடியுமென்றால் 1/50 அல்லது 1/100 நொடி. மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கேமராக்களில்தான் இந்தப் புகார் அதிகம். சில குறைந்த விலை மாடல்களில் மாற்றவே முடியாது. கடைப் பரிசோதனையில் டியூப்லைட்டைப் பார்த்து ஒரு வீடியோ எடுத்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி 180 படம்னு போட்டிருக்கு. ஒரு நாளுக்கே பத்தாதே?

அது சிபா முறைப்படி அளந்த எண். ஒன்று விட்டு ஒரு படத்துக்கு பிளாஷ் அடித்து அளப்பார்கள். பகலில் பிளாஷ் இல்லாமல் எடுத்தால் அதைவிடக் கூட வரும். வீடியோ எடுத்தால், எடுத்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தால் குறையும். எப்படியும் இன்னொரு பேட்டரி வாங்கத்தான் வேண்டும். கம்பெனி பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் போகும்போது உபரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

இன்ஸ்டாகிராம்ல பழைய சிசிடி கேமராதான் கலர் சூப்பர்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. சிசிடி என்பது பழைய கேமராக்களில் இருந்த சென்சார் வகை. அந்தக் காலத்துக் கேமராக்கள் படத்தைப் பதப்படுத்திய விதமும், நேருக்கு நேர் அடிக்கும் பிளாஷும் சேர்ந்துதான் அந்தத் தோற்றம். சிசிடி சென்சாருக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. பகலில் அழகாகத்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ 400ஐத் தாண்டியதுமே படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும். ஆசைக்கு ஒன்று வாங்கலாம். ஆனால் சில வருஷம் முன்பு பரணில் கிடந்த கேமராவுக்கெல்லாம் இப்போது சொல்கிற விலை எனக்கு அநியாயமாகத் தெரிகிறது.

சரி, பழசு வாங்குறேன். எதைப் பார்த்து வாங்கணும்?

மேலே சொன்ன கடைப் பரிசோதனை முழுவதையும் செய்யுங்கள், பர்மா பஜாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும். அதோடு ஜூமை உள்ளேயும் வெளியேயும் பலமுறை ஓட்டுங்கள். கரகர சத்தம் வந்தாலோ லென்ஸ் எரர் என்று திரையில் வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடற்கரை மணல் போன கேமராக்கள் இப்படித்தான் சாகும். லென்ஸ் யூனிட் மாற்றும் செலவு, கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

வெள்ளைச் சுவரையோ வெற்று வானத்தையோ எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சாரில் தூசு; பிரிக்காமல் துடைக்க முடியாது. டார்ச் அடித்து லென்ஸைச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழைகள் ஓடினால் பூஞ்சை. பேட்டரி உப்பியிருந்தால் மூடி இறுக்கமாக இருக்கும், பேட்டரி வெளியே வர அடம்பிடிக்கும்.

64 ஜிபி கார்டு போட்டேன், ‘கார்டு எரர்’னு வருது. கார்டு போலியா?

கார்டில் தப்பில்லாமலும் இருக்கலாம். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபி வரையிலான எஸ்டி கார்டை மட்டும் படிக்கும். 2006ல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. 64 ஜிபியும் அதற்கு மேலும் 2009ல் வந்த எஸ்டிஎக்ஸ்சி வகை. பழைய கேமராவுக்குப் பழைய வகைக் கார்டுதான். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி வாங்குவதாக இருந்தால் எக்ஸ்டி கார்டு வகையா, பழைய சோனி என்றால் மெமரி ஸ்டிக்கா என்று முன்பே கேளுங்கள். கார்டோடு சேர்த்துத் தந்தால்தான் வாங்குங்கள்.

ஜப்பான்லேர்ந்து வர்ற பழைய கேமரா புதுசு மாதிரியே இருக்கு. வாங்கலாமா?

நன்றாகத்தான் பராமரித்திருப்பார்கள். ஆனால் சோனி ஜப்பானில் விற்கும் மாடல்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற வழியில்லை. காசு கொடுக்கும் முன் மெனு ஆங்கிலத்தில் இருக்கும் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி வாரண்டியும் இங்கே செல்லாது.

பீரோவுக்குள்ள பத்திரமா வெச்சிருந்தும் பூஞ்சை வந்துடுச்சே?

பீரோ, தோல் உறை இரண்டும் கடலோர ஊர்களில் பூஞ்சைக்குப் பிடித்த இடம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிந்தால் துடைக்காதீர்கள். கொஞ்ச நேரம் பையிலேயே இருந்தால் தானே போய்விடும்.

சுத்தி வளைக்காம ஒரு பேரைச் சொல்லுங்க.

பணம் இருக்கிறது, வீடியோவும் எடுப்பேன் என்றால் ஜி7 எக்ஸ் மார்க் 3. ஜூமும் தரமும் வேண்டும் என்றால் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ஜூம் 8 மடங்கு வரை எட்டும், விலையும் எட்டாத உயரத்தில் இருக்கும். ஆர்எக்ஸ்100ன் பழைய மார்க்குகள் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன். ரிக்கோ ஜிஆர் 3ஐப் பலர் புகழ்வார்கள், சென்சார் 1 இன்ச்சைவிடவும் பெரிதுதான். ஆனால் ஜூமும் கிடையாது, பிளாஷும் கிடையாது. வீட்டு விசேஷத்துக்கு அது ஆகாது.

இவ்வளவு செலவு பண்ணி வாங்கியும் வாட்ஸ்அப்ல போன் படம்தான் பளிச்சுனு இருக்கு. ஏமாந்துட்டேனா?

ஏமாறவில்லை. போன் ஒரே அமுக்கில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, ஓரங்களைக் கூர்மையாக்கித் தருகிறது. கேமரா எடுப்பது ஒரே படம், ஒப்பனை குறைவு. கையகலத் திரையில் ஒப்பனைதான் ஜெயிக்கும். இரண்டையும் 8க்கு 12 அங்குலத்தில் அச்சுப் போட்டுப் பாருங்கள், போன் படத்தில் முகம் மெழுகுபோல் வழவழவென்றும் இலைகள் திட்டுத் திட்டாகவும் இருப்பது அப்போது தெரியும். ஜூம் போட்ட படமாக இருந்தால் பேச்சே இல்லை.

அதுவும் போக, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். கார்டு ரீடர் ஒன்று வாங்கி, போனில் செருகி, படத்தை நேராக இறக்குங்கள். கேமராவின் வைஃபை ஆப்போடு சண்டை போடுவதைவிட அது சீக்கிரம் முடியும். பிறகு கேலரி வழியாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். அண்ணன் மகள் கல்யாணப் படத்தை அச்சடிக்கக் கேட்கிறாள் என்றால் அப்படித்தான் அனுப்ப வேண்டும்.